ஹூலு லங்காட் ஃபோர்வீல் பயிற்சி: 450 ரிங்கிட்டுக்கு என்ன கிடைத்தது?

என் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி மூன்று வருடமாகக் கெப்போங்கிலிருந்து ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போய் வந்ததோடு சரி. லோஜிங் மலைக்குப் போகலாம் என்று மச்சான் கூப்பிட்டார். அவர் அனுப்பிய படத்தில் பாதையின் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் ஆகாயம். “முதல்ல ஒழுங்காக் கத்துக்கிட்டு வாங்க” என்றாள் மனைவி. அப்படித்தான் இந்த ஒருநாள் பயிற்சியில் சேர்ந்தேன். சொந்த வண்டி, மொத்தம் ஐந்து பேர்.

காலையில் பசியாறியதும் டயர் காற்றை 32-லிருந்து 20 பிஎஸ்ஐக்கு இறக்கினோம். காற்று குறைந்தால் டயர் தரையில் நன்றாகப் படியும், கல்லில் துள்ளாது. அப்புறம் செம்மண் இறக்கம். 4எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை), முதல் கியர், பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்துவிட்டு இஞ்சினே வண்டியைப் பிடிக்க விட வேண்டும். பயத்தில் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் நின்றது, வண்டி வழுக்கிக்கொண்டே போனது. அந்த ஒரு நொடியில் புரிந்த பாடத்தை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஏற்றத்தில் இஞ்சின் நின்றுவிட்டால் திருப்பப் பார்க்கவே கூடாது, குறுக்கே நின்றால் வண்டி உருண்டுவிடும். பிரேக்கைப் பிடித்தபடி ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராக இறங்க வேண்டும். இதை மட்டும் ஆறு முறை செய்ய வைத்தார்கள்.

விளிம்புப் பாதைதான் முக்கியமான பகுதி. நம் ஸ்டீயரிங் வலது பக்கம். பள்ளம் இடது பக்கம் இருந்தால் அந்த முன்சக்கரம் எங்கே உருள்கிறது என்று நமக்குத் தெரியாது. முதலில் எங்களை இறக்கி நடக்க வைத்தார் பயிற்சியாளர். ஓரத்து மண் எங்கே இளகியிருக்கிறது என்று காலால் மிதித்துப் பார்த்தோம். பிறகு அவர் முன்னால் நின்று, “அண்ணே, பள்ளத்தைப் பார்க்காதீங்க, என் கையை மட்டும் பாருங்க” என்றார். நாற்பது மீட்டர்தான். உள்ளங்கை நனைந்துவிட்டது.

மூன்று மணிக்கு மழை தூறியதும் மீதியை நிறுத்தி, வேறு தேதி கொடுத்தார்கள். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அங்கேதான் அவர்கள்மேல் நம்பிக்கை வந்தது.

குறையும் உண்டு. காற்று நிரப்ப ஒரே கம்ப்ரசர், அதுவும் சூடாகி நின்றுபோய் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பெண்கள் வந்தால் கழிப்பறைக்கு வழியே இல்லை. இதை அவசியம் சரிசெய்ய வேண்டும். வாக்கி டாக்கியும் வண்டிக்கு ஒன்று தந்தால் நல்லது.

மீதி வகுப்புக்கு அடுத்த மாதம் மச்சானையும் அழைத்துப் போகிறேன். லோஜிங் அதற்குப் பிறகுதான்.