இடது காலுக்கு ஒன்றரை அங்குலம்: தாராவியில் ஒரு ஷூ கடை

எனக்கு இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. ஒன்றரை வயதில் வந்த போலியோ. மும்பையில் சயான் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் சரித்திரம் எடுக்கிறேன், வகுப்பு இரண்டாம் மாடியில். அதனால் ஷூ விஷயத்தில் நான் கறார்.

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. காலா கில்லாவில் தோல் பை விற்கும் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, தையல் மெஷின் சத்தம் கேட்கும் கதவு. அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். கால் உயர வித்தியாசத்துக்கு ஷூ, காலிப்பருக்கு (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பொருந்தும் பூட்ஸ், இவை மட்டும்தான் செய்கிறார்.

முதல் குறை வாசலிலேயே. மழைத்தண்ணீர் உள்ளே ஏறாமலிருக்க ஒன்றரை அடி உயரத்துக்குப் படி. வருகிறவர்கள் எல்லாம் கால் சரியில்லாதவர்கள், படியோ மலைக்கோட்டை! கேட்டதற்கு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார்.

காலை அவர் உடனே பார்க்கவில்லை. பழைய ஷூவைக் கவிழ்த்துப் பிடித்து, தேய்ந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். “வெளிப்பக்கமா அழுத்தி நடக்கீங்க டீச்சர். எங்கன வலிக்கு, முட்டுலயா இடுப்புலயா?”

அப்புறம் குதிகாலுக்கு அடியில் அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, வார் கட்டி, சந்தில் நடக்கவிட்டார். ஏழாவது அட்டையில் இடுப்பு நேராக நின்றது. எட்டாவதில் முதுகு இழுத்தது. டாக்டர் சீட்டில் இரண்டு அங்குலம் என்றுதானே எழுதியிருக்கிறது என்றேன். “நாப்பது வருசமா இப்படிப் பழகின இடுப்பு. முழுசா ஏத்தினா சண்டை போடும். ஒன்றரை போதும்” என்றார். தினம் எத்தனை படி ஏறுவீர்கள் என்றும் கேட்டார். 44 என்றேன். அதற்காக முன்பாதத்தில் சோலைச் சற்றுச் சரித்துச் சீவினார். இத்தனைக்கும் முக்கால் மணி நேரம்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக ஒரு ஆஸ்பத்திரியில் என்னை அளக்க எடுத்துக்கொண்டது மூன்று நிமிடம். உடல்குறை 40 சதவீதமாவது இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. வகுப்பில் இங்கிலாந்தின் 1601 ஏழைகள் சட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். முடவர், பார்வையற்றவர், முதியவர், உழைக்க முடியாத ஏழைகள் ஆகியோருக்கு அந்தந்தத் திருச்சபை வட்டமே வரி வசூலித்து உதவ வேண்டும் என்றது சட்டம். வெறும் பிச்சைக்கு விட்டதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இவரால் உழைக்க முடியுமா என்று முதலில் யாராவது முடிவு செய்ய வேண்டுமே. 1570-இல் நாரிச் நகரம் எடுத்த ஏழைகள் கணக்கெடுப்பில் வயது, உடல்குறை, வேலை எல்லாம் எழுதியிருக்கிறது. நொண்டிக்கொண்டே நூல் நூற்றவர்களும் அதில் உண்டு.

“நம்ம ஊர்ல டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடக்க முடியாதவரைப் பார்வையில்லாதவர் தோளில் சுமந்து, ஆளுக்குப் பாதி வெண்பா பாடிய இரட்டைப் புலவர்களைச் சொல்வேன். 17-ஆம் நூற்றாண்டு வீரராகவ முதலியார் எவ்வளவு பாடினாலும் ‘அந்தகக்கவி’, அதாவது பார்வையற்ற கவி, என்ற ஒட்டு போகவில்லை. என்னையும் முதுகுக்குப் பின்னால் ‘நொண்டி டீச்சர்’ என்கிறார்கள், தெரியும்.

விலைக்கு வருகிறேன். அசல் தோலும் ஈவிஏ (லேசான நுரை) சோலும் வைத்தால் 3,400 ரூபாய். ரெக்சினும் ரப்பர் சோலும் என்றால் 1,900. விலை கேட்டபோது அம்புரோவாஸ் பாரே நினைவுக்கு வந்தார். 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர்களின் அறுவை மருத்துவர். அவருடைய புத்தகத்தில் பூட்டும் வில்லும் வைத்த இரும்புக் கைகால்களின் படங்கள் இருக்கின்றன. அந்த நுணுக்கமெல்லாம் பாரிஸில் பூட்டு செய்த ஒரு தொழிலாளியின் கைவண்ணம். அதே புத்தகத்தில் ‘ஏழைகளுக்கான மரக்கால்’ என்று தனியாக ஒரு படம்: வெறும் முட்டுக்கட்டை. அண்ணாச்சியிடமும் இரண்டு விலைதான், ஆனால் அட்டை அடுக்குவதும் சந்தில் நடக்கவிடுவதும் இரண்டுக்கும் ஒன்று. எனக்கு முன்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் எடுத்தது 1,900 ரூபாய் ஷூ. அவரையும் மூன்று தடவை நடக்கவிட்டார்.

குறைகள் இன்னும் உண்டு. சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதம், போனை எடுக்கவே மாட்டார். கறுப்பு கேட்டேன், பழுப்பு கொடுத்தார். கறுப்புத் தோல் தீர்ந்துவிட்டதாம். சல்யூஷன் நாற்றம் போக ஒரு வாரம் ஆனது. பில் கிடையாது.

போட்டு நான்கு மாதம் ஆகிறது. முட்டி வலி பாதியாகிவிட்டது, சாயங்காலம் மட்டும் இடுப்பில் லேசாகப் பிடிக்கும். போகிறவர்கள் பழைய ஷூவைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள், துடைக்காமல். முக்காலியைக் கேட்டு வாங்குங்கள், தானாகப் போட மாட்டார்.