வன்னி வெயிலுக்குக் குளுக்கோஸ் சென்சர் தாங்குமா?

கையில் ஒட்டும் குளுக்கோஸ் சென்சரை ஒரு போகத்துக்கு மேலாகப் பாவித்து வருகிறேன். லண்டனில் இருக்கும் மச்சாள் அனுப்புவது. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிற சீனி வருத்தக்காரருக்கு இது சரிவருமா என்று சிலர் கேட்டார்கள்.

ஒன்று 14 நாள் வேலை செய்யும். மயிர் போன்ற ஓர் இழை தோலுக்குள் இறங்கி, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் குளுக்கோஸை அளந்து, போனில் கோடாகக் காட்டுகிறது. இரத்தத்தில் ஏறியது போனில் தெரியச் சில நிமிடம் பிந்தும். வெள்ளை அரிசிமாப் பிட்டுக்குக் கோடு செங்குத்தாக ஏறும். குரக்கன் பிட்டுக்கும் ஏறத்தான் செய்கிறது, ஆனால் ஆறுதலாக. பாலைப்பழக் காலத்தில் போனைப் பார்க்காமல் இருப்பதே நல்லது! கிளினிக்கில் வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனையில் இதெல்லாம் தெரியாது.

கரைச்சல் ஒட்டுப் பசையில்தான். அருவி வெட்டு (நெல் அறுவடை) நேரம் விளிம்பு முதலில் கிளம்பும். அதற்குள் வியர்வையும் வைக்கோல் தூசியும் சேர்ந்து கறுப்பு வளையமாகும், பிறகு சொறி. மேலே துணிப் பிளாஸ்டர் ஒட்டினால் தாக்குப்பிடிக்கும். அந்தக் கைப்பக்கம் சரிந்து படுத்தால், நடுச்சாமத்தில் சீனி குறைந்துவிட்டதென்று போன் கத்தும். அது அழுத்தத்தால் வரும் பொய். விரலில் குத்திப் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கும்.

மகன் எப்போதும் கிராபீன் புராணம் பாடுவான். ஓர் அணுத் தடிப்புள்ள கரித்தாள் அது; 2004இல் மான்செஸ்டரில் பென்சில் காரீயத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். போகலவிலும் கஹட்டகஹவிலும் நாம் தோண்டுவதும் அந்தக் காரீயம்தான். கிராபீன் தோல் மடியும்போது தானும் மடியும். 2016இல் தென்கொரிய ஆய்வாளர்கள் தங்கம் கலந்த கிராபீனை வைத்து, வியர்வையில் குளுக்கோஸ் அளக்கும் ஒட்டு ஒன்றைச் செய்தார்கள். எனக்குப் பிடித்தது, வெப்பநிலை, ஈரப்பதம், அமிலத்தன்மை மூன்றையும் அதே ஒட்டில் அளந்ததுதான். வியர்வையில் குளுக்கோஸ் மிகச் சொற்பம். அளக்கும் நொதியோ சூட்டுக்கும் அமிலத்துக்கும் ஏற்ப மாறும். சித்திரை வெயிலில் வரம்பில் நிற்கும்போது ஊற்றும் வியர்வையும், பின்னேரம் கசிவதும் ஒன்றா? அந்த மூன்றையும் வைத்துத் திருத்தாத வியர்வைக் கணக்கை நம்பி நான் இன்சுலின் போடமாட்டேன்.

இப்போதுள்ள சென்சரும் மலிவில்லை, மச்சாளிடம் மாதாமாதம் கேட்கவும் மனம் வராது. மருந்து மாற்றும் நேரத்தில் மட்டும் ஒன்றைப் போட்டு, அந்தக் கோடுகளை டொக்டரிடம் காட்டுகிறேன். மற்ற நாட்களில் பழைய விரற்குத்தல்தான்.