காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கு: சிறப்புக் குழந்தைகளுக்கான அரசுச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

வளர்ச்சி தாமதமான குழந்தைக்கு இந்த மாவட்டத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் போக வேண்டிய இடம், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம்). குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது, கண், உளவியல் என எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் பார்ப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட மையம் இது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் பிள்ளைகளைப் பரிசோதிக்க வர வேண்டும். அவர்கள் வண்டி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நேராகவே போகலாம். "அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று அப்பத்தா சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போடுவதுதான் பெரிய இழப்பு.

மதிப்பீட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். வாராந்திரப் பயிற்சி என்றால்தான் சிக்கல். காரைக்குடியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கைகால் விறைத்துவிடும். அதன்பிறகு நடக்கும் அரைமணிப் பயிற்சியில் பாதி நேரம் தசையைத் தளர்த்தவே போய்விடும். இரண்டு மாதத்தில் குடும்பம் ஓய்ந்துவிடுவது இதனால்தான். அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் வீட்டுப் பயிற்சியை எழுதி வாங்குங்கள்: எந்த அசைவு, எத்தனை தடவை, எத்தனை நிமிடம், எப்போது நிறுத்த வேண்டும். சிகிச்சையாளர் செய்துகாட்டுவதைச் செல்போனில் வீடியோ எடுக்க அனுமதி கேளுங்கள். மாதம் ஒருமுறை போய்த் திருத்திக்கொண்டு, மீதி நாள் வீட்டில் செய்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நம் ஊர் வீட்டின் அமைப்பையும் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட வேண்டும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வாசலுக்கு வாசல் உயரமான நிலைப்படி. சக்கரம் வைத்த வாக்கர் அதைத் தாண்டாது. உபகரணத்துக்கு விண்ணப்பிக்கும் முன் படியின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் அளந்து கொடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாதத்தைத் தாங்கப் போடும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்டோடு மட்டும் நடக்கவிட்டால் வழுக்கும். மேலே ரப்பர் அடியுள்ள ஷூ வேண்டும். பேச்சுக்கான பட அட்டையில் "பாட்டி" என்று இருக்கும், வீட்டில் பிள்ளை கேட்பது "ஆயா", "அப்பத்தா". வீட்டு ஆட்களின் போட்டோவை ஒட்டி, வீட்டுச் சொல்லையே எழுதுங்கள்.

அடுத்தது பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம். காரைக்குடிக்குச் சாக்கோட்டை வட்டாரம்; தேவகோட்டை, கல்லல், கண்ணங்குடிக்குத் தனித்தனி. சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் எந்தக் கிழமை வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிப் பயிற்சியும் உண்டு, ஆனால் பெற்றோர் கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் நகரும். டி.இ.ஐ.சி. எழுதிக் கொடுத்த தாளை இவர்களிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று பிள்ளைக்கு இரண்டு பயிற்சி நடக்கும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அறிவுசார் குறைபாட்டுக்குச் சமூக முதிர்ச்சி மதிப்பெண்தான் (அன்றாட வேலைகளைப் பிள்ளை தானாக எவ்வளவு செய்கிறான் என்று கேட்டுப் போடுவது) முக்கியம்: 55 முதல் 69 வரை என்றால் குறைபாடு 50%, 36 முதல் 54 வரை 75%, 70 முதல் 84 வரை 25% மட்டுமே. சலுகைகளுக்குக் குறைந்தது 40% வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்வது பெற்றோர். கூச்சத்தில் "அவனே சாப்பிடுவான்" என்று சொல்லிவிட்டு, பிசைந்து கொடுப்பதையும் வாய் துடைத்துவிடுவதையும் சொல்லாமல் விட்டால் மதிப்பெண் ஏறிவிடும், சதவீதம் இறங்கிவிடும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எதை யார் உதவியோடு செய்கிறான் என்று உள்ளபடி சொல்லுங்கள். ஐந்து வயதுக்குள் "ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்" என்றுதான் எழுதுவார்கள். 5, 10, 18 வயதில் புதுப்பிக்க வேண்டும். யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருந்தால் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேருங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. மார்ச் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். பில்களின் அசலைப் பத்திரப்படுத்துங்கள், பணம் பிறகுதான் திரும்ப வரும்.

தனியார் மையத்தில் சேர்ப்பதானால் சிறப்பாசிரியரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த மன்றத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பயிற்சி நேரத்தில் பெற்றோரை உள்ளே விடாத இடத்திலும், ஆட்டிசத்தை ஆறு மாதத்தில் குணப்படுத்துவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் இடத்திலும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.