ஜேம்ஸ் ஏற்கனவே செத்தவனா, சுற்றிச்சுற்றி வருபவனா? சைலண்ட் ஹில் 2 பற்றிய மூன்று கணிப்புகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடிவு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். விளையாடாதவர்கள் விளையாடிவிட்டு வாருங்கள்.

சைலண்ட் ஹில் 2 என்ற திகில் வீடியோ கேம் வந்தது 2001 இல். 2024 ஒக்டோபரில் புளூபர் டீம் என்ற நிறுவனம் அதைப் புதிதாகச் செய்து வெளியிட்டதும் பழைய சண்டை மறுபடி மூண்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கூட்டத்துக்குள்ளேயே மூன்று கட்சி. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நோயில் செத்துப்போன மனைவி மேரியிடமிருந்து கடிதம் வந்ததென்று ஜேம்ஸ் சைலண்ட் ஹில் என்ற பனிமூட்ட ஊருக்குப் போகிறான். அவளைத் தலையணையால் அமுக்கிக் கொன்றதே அவன்தான் என்பது கடைசியில் தெரியவருகிறது. சண்டை அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதில்.

ஜேம்ஸ் தொடக்கத்திலேயே ஏரிக்குள் காரை விட்டுச் செத்துவிட்டான், நாம் நடத்திக்கொண்டு போவது அவனுடைய ஆவியை என்பது முதல் கட்சி. இங்கே இது சட்டென்று எடுபடும். "அந்தியேட்டி செய்யாத ஆவி அண்ணை, வேறென்ன?" என்று ஒரு தம்பி ஒரே வரியில் முடித்துவிட்டான். முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய்க் கடமை முடிக்கும்வரை உயிர் அலையும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஏரியும் பனிமூட்டமும் விளக்கம் கேட்காது. ஆனால் கேமுக்குள் இதற்குச் சான்று மிகக் குறைவு. ஜேம்ஸ் செத்தவன் என்றால் அங்கே வரும் மற்றவர்களும் செத்தவர்களா? எட்டு வயதுச் சிறுமி லோராவுமா? இதற்குப் பதில் வராது.

இரண்டாவது, சுழற்சிக் கட்சி. ஜேம்ஸ் முடிவுக்கு வந்ததும் மறுபடி தொடக்கத்துக்கே போகிறான், கேமில் உள்ள பல முடிவுகளும் ஒவ்வொரு சுற்றில் நடந்தவைதான் என்கிறார்கள். பழைய கேமிலேயே இதற்கு விதை உண்டு. வூட் சைட் அடுக்குமாடியில் ஓர் அறைக்குள் டீவிக்கு முன்னால் கதிரையில் ஒரு பிணம் இருக்கும். உடுப்பைப் பாருங்கள், அச்சு அசல் ஜேம்ஸ். உருவத்தைத் திரும்பப் பாவித்து வேலையை மிச்சம் பிடித்தார்கள் என்று அப்போது விட்டுவிடலாம். புதியதில் அப்படி விட முடியாது. ஊரெங்கும் கிடக்கும் 26 விசித்திரப் படங்களில் ரசிகர்கள் ஒளித்த செய்தியை எடுத்துவிட்டார்கள்: நீ இங்கே வந்து இரண்டு தசாப்தம் ஆகிவிட்டது. என் மச்சான் இதைச் சொல்லும்போது வழக்கில் வென்றவன்போலத்தான் சிரிப்பான்.

எனக்கு இது கதைக்குள் இருக்கும் உண்மையாகப் படவில்லை. 2001 இலிருந்து அந்த ஊரை விட்டு வெளியே வராத நம்மைப் பார்த்துச் சொன்ன பகிடி அது. இருந்தாலும் சான்று சான்றுதான், ஒதுக்க மாட்டேன்.

நான் நிற்பது மூன்றாவதில்: ஜேம்ஸ் உயிரோடுதான் இருக்கிறான், வருபவரின் மனதில் கிடப்பதைத்தான் ஊர் எடுத்துக் காட்டுகிறது. அங்கே ஜேம்ஸ் சந்திக்கும் ஏஞ்சலா என்ற பெண்ணின் படிக்கட்டு தீப்பற்றி எரிகிறது. ஜேம்ஸ் சூடாக இருக்கிறது என்றதும், உனக்கும் தெரிகிறதா, எனக்கு எப்போதும் இப்படித்தான் என்கிறாள். ஜேம்ஸைத் துரத்தும் பிரமிட் ஹெட் என்ற அரக்கர்களும் அப்படித்தான். தன்னைத் தண்டிக்க ஒருவன் தேவைப்பட்டது என்று ஜேம்ஸ் தானே சொன்னபிறகு அவை தங்களைத் தாங்களே குத்திக்கொண்டு சாகின்றன. இன்னும் நுணுக்கமான ஒன்று, பொருட்பையில் கிடக்கும் மேரியின் கடிதம். போகப்போக எழுத்து மறைந்து வெறுந்தாளாகும், பிறகு அதுவும் இராது. அப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை. பையைத் திறந்து பார்க்காதவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

முடிவைத் தீர்மானிப்பதும் நம் கைதான். காயத்துக்கு மருந்து போடாமல் திரிந்தாலோ, ஏஞ்சலாவின் கத்தியை அடிக்கடி எடுத்துப் பார்த்தாலோ, கேம் அதைக் கணக்கில் வைத்து ஏரிக்குள் மூழ்கும் முடிவை நோக்கித் தள்ளும். சுழற்சி என்றால் இந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. எது நடந்தாலும் அடுத்த சுற்று வரத்தானே போகிறது.

இனி லோரா. அவள் மேரியைப் போன வருடம் ஆஸ்பத்திரியில் சந்தித்தவள். மேரி செத்து மூன்று வருடம் என்ற ஜேம்ஸின் கணக்கு அங்கேயே உடைகிறது. மேரி லோராவுக்கு எழுதி வைத்த கடிதம் எட்டாவது பிறந்தநாளுக்கு வாழ்த்துகிறது. லோராவோ, போன கிழமைதான் தனக்கு எட்டு வயது ஆனது என்கிறாள். ஜேம்ஸ் இரண்டு தசாப்தம் சுற்றினால் அவள் எப்படி இன்னும் எட்டில் நிற்கிறாள்? "அவளும் ஜேம்ஸின் கற்பனைதான்" என்பான் மச்சான். ஜேம்ஸுக்கே தெரியாத மேரியின் நட்பையும் அவள் எழுதிய கடிதத்தையும் அவனுடைய கற்பனை எங்கேயிருந்து எடுத்ததாம்? இந்த இடத்தில் மச்சான் தேத்தண்ணி கேட்பான்.

2004 இல் வந்த நான்காம் பாகத்தில் ஜேம்ஸின் அப்பா பிராங்க் வருகிறார். மகனும் மருமகளும் அந்த ஊரில் காணாமல்போனார்கள் என்று ஒரு வரி. செத்தான், சுற்றுகிறான் என்ற இரண்டு கட்சியும் இதைத் தங்கள் சாட்சி என்று இழுக்கின்றன. லோராவோடு வெளியே நடக்கும் முடிவுதான் எனக்குப் பிடித்தது. அதற்கு இந்த வரி கொஞ்சம் இடைஞ்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனைவியைக் கொன்ற மகன் வெளியே வந்தாலும் அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டவா போகிறான்?