ஷிஃப்ட் வேலை வீட்டில் பகிர்ந்த காலண்டர்: நான்கு ஆண்டு அனுபவம்

கோவையில் இருக்கிறோம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். கணவருக்கு பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் 6 என்று வாரத்துக்கு வாரம் மாறும். எனக்கு அலுவலகம் பத்து மணி முதல் ஐந்தரை வரை. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் யூகேஜி. கூகுள் காலண்டரை நாங்கள் இருவரும் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கி நான்கு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது வாரம் ஒருமுறை வீணை வகுப்புக்குப் போகிறேன். ஞாயிறு காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் தனியாக நடக்கிறேன். இதில் காலண்டர் செய்தது எவ்வளவு, அதற்கு வெளியே நாங்கள் பேசி முடிவு செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். இந்தச் செயலியைப் போட்டாலே நேரம் கிடைத்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

முதலில் அது நன்றாகச் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்டை ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. மூன்று ஷிஃப்டுக்கும் மூன்று பதிவு போட்டு, ஒவ்வொன்றும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, திங்கள் முதல் சனி வரை திரும்ப வரும்படி அமைத்தால் போதும். வருஷம் முழுவதும் எந்த வாரம் அவர் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்பது தெரிந்துவிடும். முதல் ஷிஃப்டுக்குப் பச்சை, இரண்டாவதுக்கு மஞ்சள், நைட் ஷிஃப்டுக்கு நீலம். பகிரும்போது 'பார்க்க மட்டும்' என்று கொடுக்காமல், மாற்றம் செய்யும் அனுமதியோடு கொடுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர் விருந்தாளியாகவே இருந்துவிடுவார். கூகுளில் குடும்பக் குழு ஒன்று தொடங்கினால் அதற்கென்று ஒரு காலண்டர் தானாகவே வந்துவிடும். குழுவில் நம்மையும் சேர்த்து ஆறு பேர் வரை இருக்கலாம். காசு எதுவும் இல்லை.

இப்படி எல்லாம் அமைத்த பிறகும் ஆரம்ப மாதங்களில் எனக்கென்று நேரம் எதுவும் வரவில்லை. காலண்டர் அழகாக இருந்தது. பள்ளிக் கட்டணம், தடுப்பூசி, கேஸ் புக் செய்வது, அத்தையின் கண் டாக்டர் என்று எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அத்தனையும் நான் யோசித்து நான் போட்டவை. கணவர் சொன்னதைச் செய்கிறவர், முகம் சுளிக்காதவர். சொல்ல வேண்டியது மட்டும் நானாகவே இருந்தேன். நாளைக்கு மகளுக்கு மஞ்சள் உடை, அது துவைத்திருக்கிறதா, சாக்ஸ் ஜோடியாக இருக்கிறதா என்று ஒரு தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் தலைக்குச் சொந்தக்காரி எங்கே போய் உட்கார்ந்தாலும் அது ஓய்வு நேரம் ஆகாது.

திருப்பம் வந்தது வேலைகளைப் பிரித்தபோது இல்லை, துறைகளைப் பிரித்தபோது. பள்ளிக்கூடம் முழுக்க அவருடையது. கட்டணத் தேதி, பெற்றோர் கூட்டம், சார்ட் பேப்பர், யூனிஃபார்ம், பேருந்துக்காரரிடம் பேசுவது எல்லாம் அவர் யோசித்து, அவர் காலண்டரில் போட்டு, அவரே முடிக்க வேண்டும். பிள்ளைகளின் வகுப்பு வாட்ஸப் குழுக்களிலிருந்து நான் வெளியே வந்து, அவர் எண்ணைச் சேர்க்கச் சொன்னேன். நேர மேலாண்மைக்காக நான் செய்தவற்றிலேயே அதிகப் பலன் கொடுத்தது இதுதான். ராத்திரி எட்டு மணிக்கு 'நாளை பழங்கள் தினம்' என்று வரும் செய்தி இப்போது என் போனுக்கு வருவதில்லை. சமையலும் மருத்துவமும் என்னிடம். துணி, பால், மளிகை அவரிடம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் ஆறரைக்கு வீடு வந்ததும் பிள்ளைகளைக் கிளப்பி பஸ் ஏற்றிவிட்டுத்தான் படுப்பார்.

பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அத்தைக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. "டூட்டி முடிச்சு வந்த பையன் செத்த படுக்கட்டும் கண்ணு, நீ பாத்துக்கக் கூடாதா?" என்றார். "நானும் டூட்டி முடிச்சுட்டுத்தானுங்க அத்தை வர்றேன்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, அவரும் கோபப்படவில்லை. தன் மகன் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவதையும் தலை சீவிவிடுவதையும் பார்த்துப் பார்த்து அவருக்கே பழகிவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் வந்தது. 2024 கணக்கெடுப்பில் அது 289, 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படுவதற்குள் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இதைப் பார்த்த பிறகு, அதிகாலை நாலரைக்கு எழுந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லும் வீடியோக்களை நான் பார்ப்பதில்லை. நாலரைக்கு எழுந்து பார்த்தேன். சீக்கிரம் எழும் அம்மாவுக்குக் கிடைப்பது இன்னும் ஒரு மணி நேர வேலை.

பொமோடோரோ முறையையும் கொஞ்ச காலம் வைத்திருந்தேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் இறுதியில் மாணவராக இருந்தபோது உருவாக்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் இடைவேளை. அலுவலகத்தில் இன்றும் எனக்கு உதவுகிறது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் 25 நிமிடம் தொடர்ந்து யாரும் கூப்பிடாமல் இருப்பதே நடக்காத காரியம், அதனால் வீட்டுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவுக்குக் காலையில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததற்குக் காரணம் எந்தச் செயலியும் இல்லை. அவர் மகன் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறான். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சாப்பிடுகிறான். "அடுப்பு பத்தவைக்கற அவசரம் போச்சுங்க" என்று ஒருமுறை சொன்னார். ஒருவர் தலையிலிருந்து ஒரு பொறுப்பை இன்னொருவர் முழுசாக எடுத்துக்கொண்டால் மட்டும்தான் நேரம் பிறக்கிறது என்பதை நான் அங்கேயும் பார்த்தேன்.

சரி, எனக்கான நேரம். அதையும் காலண்டரில் பெயர் போட்டே வைத்திருக்கிறேன். 'வீணை', 'நடை'. 'ஓய்வு' என்றோ 'ஃப்ரீ' என்றோ போட்டு வைத்தபோது அந்த இடத்தில் யாராவது எதையாவது செருகினார்கள். மிக்ஸி ரிப்பேர்காரர் வருவார், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு வரும். 'வீணை 6.30' என்று இருந்தால் பல் டாக்டரிடம் வாங்கிய நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுக்கிறார்கள். ஷிஃப்ட் மாறுவதால் என் நேரமும் மாறும். முதல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் வாரங்களில் புதன் மாலை வகுப்பு. இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் மாலை அவர் வீட்டில் இருக்க மாட்டார், அதனால் டீச்சரிடம் பேசி அந்த வாரம் மட்டும் சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டோம். சிறு வயதில் விட்டுப்போன வர்ணங்களை இப்போதுதான் திரும்பத் தொட்டிருக்கிறேன். விரல் நுனி மறுபடி காய்த்திருக்கிறது. அதைத் தடவிப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

குறைகளும் உண்டு. கம்பெனியில் ஆள் வராவிட்டால் அவரை அப்படியே அடுத்த ஷிஃப்டுக்கும் இருக்கச் சொல்லிவிடுவார்கள், அன்றைக்கு என் வகுப்பு போய்விடும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் எந்தக் காலண்டரும் நிற்காது. அந்த வாரங்களில் விட்டதை அடுத்த வாரம் சேர்த்து எடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று பேசி வைத்திருக்கிறோம். அறிவிப்புகள் அதிகமானால் இருவருமே பார்க்காமல் தள்ளிவிடுகிறோம், அதனால் பணம் கட்டுவதற்கும் டாக்டருக்கும் மட்டும் அறிவிப்பு வைத்திருக்கிறோம். அப்புறம், வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் ஞாயிறு மாலை, மாவு ஆட்டும் நேரத்தில் பார்க்கிறோம். அதை விட்டால் ஒரே மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

துணை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தாது. கணவர் துபாயில் இருக்கும் என் தோழி, பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் அக்காவோடு காலண்டரைப் பகிர்ந்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை நாலு பிள்ளைகளும் இவள் வீட்டில், அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டில். சமையல் உள்பட அன்றைக்கு முழுப் பொறுப்பும் அந்த வீட்டில் இருப்பவருடையது, போன் செய்து எதுவும் கேட்கக் கூடாது என்பது அவர்களுடைய ஒப்பந்தம். நடுவில் ஓரிரு மாதம் நின்றுபோய் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, முதல் வாரமே எல்லாத் துறையையும் பிரிக்க வேண்டாம். பள்ளி வாட்ஸப் குழுவை மட்டும் கைமாற்றுங்கள். ஒரு பருவம் முழுக்க, நடுவில் எட்டிப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.