அத்தி மரம் அடையாளம் பாக்க 10எக்ஸ் லூப் லென்ஸ், என் அனுபவம்

நகைக்கடைல கல்லு பாக்க வச்சிருப்பாங்கல்ல, மடக்குற மாதிரி சின்ன லென்ஸ், லூப்னு சொல்லுவாங்க, அதத்தான் ஒன்றரை வருஷமா காட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். 10 மடங்கு காட்டும், மூணு கண்ணாடி சேத்து ஒட்டின ட்ரிப்லெட், கோயம்புத்தூர் ராஜவீதில தட்டார் சாமான் விக்கிற ஒரு கடைல 650 ரூபாய்க்கு வாங்கினேன். 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒன்னு ஏன் குறைச்சேன்னு கீழ சொல்றேன்.

வால்பாறை போற எல்லாரும் சிங்கவால் குரங்கையும் இருவாச்சியையும் தேடுறாங்க, எனக்கு அதுங்க எந்த மரத்துல பழம் திங்குதுன்னு தெரிஞ்சாகணும். அதுல முக்காவாசி நேரம் வந்து நிக்கிறது ஏதோ ஒரு அத்தி. உலகம் பூரா 850 இனம் கிட்ட இருக்குங்க இந்த ஃபைகஸ்ங்கிற அத்திப் பேரினத்துல, ஆலு, அரசு, இச்சி எல்லாம் இதுக்குள்ளதான் வரும். சிலதுக்கு லென்ஸே வேணாம். பேயத்திக்கு இலை எதிரெதிரா இருக்கும், தொட்டாலே சொரசொரன்னு இருக்கும், அடிமரத்துலயே காய் கொத்துக் கொத்தாத் தொங்கும். சாதா அத்திக்கும் அடிமரத்துலதான் காய், ஆனா இலை மாத்தி மாத்தி இருக்கும், பழுத்தா செவக்கும். இதெல்லாம் ரோட்டுல நின்னே சொல்லிரலாம்.

சிக்கல் மழைக்காட்டுக்குள்ள இருக்குற உசரமான மரங்கள்லதான். வால்பாறை பக்கத்துல புதுத்தோட்டம் எஸ்டேட் தாண்டி ரோட்டோரமா ஒரு மரம், விழுது ஒன்னு கூட இல்ல, அடில பலகை மாதிரி வேர் விரிஞ்சிருக்கு, இலையெல்லாம் எங்கயோ மேல. கூட வந்த எஸ்டேட் அண்ணன் "இது இச்சி தம்பி"ன்னார், போன்ல இருந்த ஒரு செடி ஆப்ல மூணு போட்டோ போட்டா மூணு பேர் சொல்லுது, அதுல ஒன்னு பலா! ஆப் பலான்னு சொன்னதும் ஒரேயடியாத் தப்புன்னு சொல்ல முடியாதுங்க, பலாவுக்கும் பால் வரும், குருத்தை மூடின செதில் உதிர்ந்ததும் கொம்பைச் சுத்தி மோதிரம் மாதிரி தழும்பும் விழும், அதனால பாலும் தழும்பும் மட்டும் பாத்து அத்தின்னு முடிவு பண்ணக்கூடாது.

கீழ விழுந்து கெடந்த கொப்பையும் காயையும் எடுத்து லென்ஸ்ல பாத்தேன். காய் நுனில சின்னத் துளை, செதில் செதிலா மூடியிருக்கு, அப்ப அத்திதான். அடுத்து இலையத் திருப்பி அடிநரம்பு பிரியுற எடத்தப் பாக்கணும். ஆலு, அரசு, இச்சி கூட்டத்துக்கு நடுநரம்போட அடில மெழுகு மாதிரி ஒத்தைத் திட்டு இருக்கும். இதுக்கு அங்க இல்ல, பக்க நரம்பு பிரியுற கக்கத்துலதான் இருந்துச்சு, வெறும் கண்ணுக்குச் சும்மா அழுக்கு மாதிரிதான் தெரியும். காய்க்குக் காம்பும் இருந்துச்சு, ஆலங்காய் மாதிரி கொம்புல ஒட்டிட்டு இல்ல. விழுது இல்லாதது, பலகை வேர், இலைக்கு அடில தூக்கலா நிக்கிற நரம்பு எல்லாம் சேத்துப் பாத்தா ஃபைகஸ் நெர்வோசா. இலங்கைல இருந்து தைவான் வரைக்கும் இருக்குற மரம்! அண்ணன்கிட்டயும் லென்ஸக் குடுத்தேன், ரொம்ப நேரம் பாத்துட்டு "ஆமாப்பா, இச்சி இல்ல"ன்னார்.

ஒரு காயப் புட்டும் பாத்தோம். அத்திப்பழத்தப் புட்டா அத்தனையும் புழுன்னு சொல்லுவாங்கல்ல, லென்ஸ்ல பாருங்க, அது புழு இல்ல, உள்ள சுவர் முழுக்க நெருக்கமா குட்டிக் குட்டிப் பூ, அதுக்குள்ளயே வளந்து வெளிய வர்ற குளவி. அந்தத் துளை வழியா உள்ள நுழையுறப்ப தாய்க்குளவிக்கு றெக்கையே பிஞ்சு போயிரும், அப்படிப் போயும் மகரந்தத்தக் கொண்டு சேக்குது. அந்த நிமிஷத்துக்கே 650 ரூபா சரியாப் போச்சு எனக்கு.

வாங்குறவங்க கவனிங்க, 30எக்ஸ், 60எக்ஸ்னு எழுதி கம்மி விலைல ஆன்லைன்ல வரும், நான் மொதல்ல அப்படி ஒன்னு வாங்கி ஏமாந்தேன், ஓரமெல்லாம் வானவில் கலர் அடிக்குது, நடுவுல மட்டும்தான் தெளிவு. 10எக்ஸ் போதும், ரெண்டரை சென்டிமீட்டர் தூரத்துல ஃபோகஸ் ஆகும். லென்ஸக் கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு இலைய அதுகிட்ட கொண்டு வாங்க, நெறைய பேரு லென்ஸ இலை மேல வச்சுட்டு தலையத் தூரமா வச்சுப் பாத்துட்டு ஒன்னும் தெரியலம்பாங்க.

குறைன்னா மூணு. மடக்குற எடத்துல திருகு நாலு மாசத்துல லூசாகி கண்ணாடி தனியா ஆடுது, ஸ்க்ரூ டிரைவர் கூடவே வச்சிருக்கேன். ஜூன் ஜூலை மழைல உள்பக்கம் ஆவி படிஞ்சா அரை நாள் ஒன்னும் தெரியாது, சிலிக்கா பாக்கெட் போட்ட டப்பால வச்சா பரவால்ல. கழுத்துல மாட்டக் கயிறும் தரல, நான் ஐடி கார்டு கயித்துல கட்டிக்கிட்டேன், கலரா இருக்குறதால கீழ விழுந்தாலும் சருகுக்குள்ள கண்டுபிடிச்சிரலாம். அப்புறம் புலிகள் காப்பகத்துக்குள்ள எதையும் பறிக்காதீங்க, ரோட்டோரம் உதிர்ந்து கெடக்குறதே போதும்.