இராமநாதபுரத்து வேளாண் பொறியாளர் எந்தச் சங்கத்தில் சேரலாம்?

வேளாண் பொறியியல் முடித்து இராமநாதபுரம் கடலோரத்தில் வேலைக்கு வரும் இளைஞர்கள், எந்தத் தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராகலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்கள் பேச்சில் பெரும்பாலும் அடிபடுபவை மூன்று சங்கங்கள்.

அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர் சங்கம் 1907-இல் விஸ்கான்சினில் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்தின் செயின்ட் ஜோசப்பில் இயங்கும் அது, 2005-இல்தான் 'உயிரியல்' என்ற சொல்லைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. அதன் உண்மையான பலம் தரநிலைகள். மண்ணின் இறுக்கத்தை அளக்கும் கம்பியின் முனைக்கு 30 பாகைக் கூம்பு, அதை நொடிக்கு ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரே சீராக அழுத்த வேண்டும் என்று வரையறுத்திருப்பதால்தான் ஒருவர் எடுத்த அளவை இன்னொருவர் அளவோடு ஒப்பிட முடிகிறது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் களிமண் வயலில் கோடையில் நான் அழுத்தியபோது நான்கு விரற்கடைக்குக் கீழே இறங்க மறுத்த கூம்பு, மழை பெய்த மூன்றாம் நாள் அதே இடத்தில் ஒரு சாணுக்கு இறங்கியது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பை நம்பியிருக்கும் நம் ஊரில், மண்ணின் ஈரத்தையும் சேர்த்துக் குறிக்காத இறுக்க அளவு பயன்படாது என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

ஆயினும், அச்சங்கத்தின் பேச்சில் பெரிய பண்ணைகளும் பெரிய இயந்திரங்களுமே அதிகம். 1960-இல் தோன்றி டெல்லியில் இயங்கும் இந்திய வேளாண் பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழோ சிறு உழவரின் கருவிகள், பாசனம், அறுவடைக்குப் பிந்தைய பதப்படுத்தல் ஆகியவற்றுக்கு இடம் தருகிறது. நம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. தோல் தடித்த அந்த உருண்டைப் பழம் களத்தில் மெதுவாகவே காய்கிறது. இடையில் தூறல் விழுந்தால் நிறம் மங்கிப் பூஞ்சையும் பிடிக்கிறது. இதற்கேற்ற சூரிய உலர்த்தியை வடிவமைப்பவர் தம் முடிவுகளை இதே வெயிலிலும் உப்புக்காற்றிலும் வேலை செய்வோர் முன் வைப்பதே முறை. ஆகவே ஒரு சங்கத்துக்கு மட்டுமே சந்தா கட்ட முடியும் என்றால், நான் இந்திய வேளாண் பொறியாளர் சங்கத்தையே சொல்வேன். அமெரிக்கத் தரநிலைகளைத் தேவைப்படும்போது தனியே பார்த்துக்கொள்ளலாம்.

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1920-இல் உருவான இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் எல்லாத் துறைப் பொறியாளருக்கும் பொதுவானது; வேளாண் பொறியியலுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. சொந்தமாக ஆலோசனைத் தொழில் நடத்தி, இயந்திர மதிப்பீட்டுச் சான்றில் 'சார்ட்டர்டு இன்ஜினியர்' (அங்கீகாரம் பெற்ற பொறியாளர்) என்று கையொப்பமிட விரும்புவோர் அதில் சேரலாம்.